எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் எந்தக் கேம் நம்மை அதிகம் உள்ளே இழுக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்டர் ஸ்க்ரோல்ஸ் பற்றி யாராவது பேச்செடுத்தால் அடுத்து என்ன கேட்பார்கள் என்று எனக்கு இப்போது மனப்பாடம். தம்பி கேட்டான், அவன் கூட்டாளிகள் கேட்டார்கள், ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் அனுப்பி அலுத்துப்போய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

எல்டர் ஸ்க்ரோல்ஸ்னா என்ன? மொத்தம் எத்தனை கேம் இருக்கு?

பெதெஸ்டா நிறுவனத்தின் ஃபேன்டசி ஆர்.பி.ஜி. (நாமே ஒரு பாத்திரமாகி ஆடும் கேம்) வரிசை. டாம்ரியல் என்ற கற்பனைக் கண்டத்தில், ஒவ்வொரு கேமும் ஒவ்வொரு பகுதியில் நடக்கும். முக்கியமானவை 5: அரீனா (1994), டேகர்ஃபால் (1996), மோரோவிண்ட் (2002), ஒப்ளிவியன் (2006), ஸ்கைரிம் (2011). 2014-இல் வந்த ஆன்லைன் கேம் தனிக் கணக்கு, அதற்குப் பின்னால் வருகிறேன்.

தொடர்கதை இல்லை என்பதால் எதிலிருந்தும் ஆரம்பிக்கலாம். டேகர்ஃபாலைத் தவிர மற்ற நான்கிலும் நீங்கள் கைதியாகத்தான் தொடங்குவீர்கள். என்ன குற்றம் செய்தீர்கள் என்று யாரும் தெளிவாகச் சொல்ல மாட்டார்கள். அதை நீங்களே கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான்.

இம்மெர்சிவ் இம்மெர்சிவ்ங்கறீங்க. கிராஃபிக்ஸ் சூப்பரா இருக்கறதத்தானே அப்படிச் சொல்றீங்க?

இல்லை. கிராஃபிக்ஸ் முதல் இரண்டு மணி நேரம் வாயைப் பிளக்க வைக்கும், அப்புறம் கண் பழகிவிடும். நான் சொல்வது ஒன்றிப்போவதை. கேமை மூடிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த பிறகும் "அந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருந்திருக்கும்" என்று மனசு அங்கேயே சுற்றுகிறதே, அது.

இதை அளக்க எனக்கு ஒரு சோதனை உண்டு. அந்த உலகத்தில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எப்படிப் போவது என்று, திரையைப் பார்க்காமல், வாயால் வழி சொல்ல முடிகிறதா? முடிந்தால் அது உங்கள் ஊராகிவிட்டது என்று அர்த்தம். முடியாவிட்டால் நீங்கள் அங்கே டூரிஸ்ட். கீழே வரும் பல பதில்களில் இந்தச் சோதனையைத்தான் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொள்ளப் போகிறேன்.

சரி, சுத்தி வளைக்காம ஒரே பேர் சொல்லுங்க. எது?

மோரோவிண்ட். 2002-இல் வந்தது, பார்க்க அட்டைப்பெட்டி மனிதர்கள் நடமாடுவது போல இருக்கும், இருந்தாலும் அதுதான்.

காரணம், அது உங்களைக் கொண்டாடுவதில்லை. வார்டன்ஃபெல் என்ற தீவில் கைதிக் கப்பலிலிருந்து இறக்கிவிடுவார்கள். ஊர்க்காரர்கள் உங்களை "ந்வா" என்பார்கள். வெளியூரானைக் குறிக்கும் வசைச்சொல் அது. மரமா காளானா என்று சொல்ல முடியாத செடிகள், பிரம்மாண்டமான நண்டு ஓட்டுக்குள் கட்டிய வீடுகள், பூமியில் உயிரோடு இருக்கும் மூன்று தெய்வங்கள். எதுவும் உங்களுக்குத் தெரிந்த கோட்டை, குதிரை, ராஜா கதை இல்லை. அந்நிய மண்ணில் அந்நியராக இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக விவரம் தெரிந்தவராக மாறுவதுதான் கேமே.

மோரோவிண்ட்ல மார்க்கரே கிடையாதாமே? அப்ப எங்க போகணும்னு எப்படித் தெரியும்?

கிடையாது. போக வேண்டிய இடத்தைத் திரையில் குறியிட்டுக் காட்டுவதுதான் மார்க்கர்; இதில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆரம்பமே அப்படித்தான். பல்மோரா ஊரில் கையஸ் கொசேடிஸ் என்பவரிடம் ஒரு பொட்டலத்தைச் சேர்க்கச் சொல்லுவார்கள். வீடு எங்கே என்று சொல்ல மாட்டார்கள். சவுத் வால் என்ற சாராயக்கடைக்குப் போய் விசாரி, அவ்வளவுதான். முதலில் கடையைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே கேட்டால் வழி சொல்வார்கள். கடைசியில் ஆற்றின் கிழக்குக் கரையில், மேட்டுத் தெருவின் கோடியில் கதவைத் தட்டினால், சட்டை போடாத ஒரு கிழவர். அவர்தான் அந்தப் பகுதியில் பேரரசின் உளவாளிகளுக்குத் தலைவர். உங்களைப் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு நீ எதற்கும் லாயக்கில்லை, ஏதாவது வேலையில் சேர்ந்து அனுபவம் தேடிக்கொண்டு வா" என்கிற தோரணையில் 200 தங்கக் காசு கொடுத்து அனுப்பிவிடுவார். மெயின் கதையே "போய் ஊரைச் சுற்று" என்று சொல்கிற கேம் வேறு எங்கே இருக்கிறது?

சொன்ன வழி எல்லாம் உங்கள் ஜர்னலில் ஏறிவிடும். ஆனால் தேதிவாரியாக மட்டும் ஏறியதால், நாற்பது பக்கம் புரட்டி "எவனோ ஒருவன் எதையோ தேடச் சொன்னானே" என்று முழிக்க வேண்டியிருந்தது. பிறகு டிரிப்யூனல் என்ற விரிவாக்கம்தான் வேலைவாரியாகப் பிரித்துத் தந்தது.

வழி கேட்டு அலையறதுல என்ன சுகம்? மார்க்கர் இருந்தா டைம் மிச்சம்தானே?

டைம் மிச்சம், உண்மை. ஆனால் மார்க்கர் இருந்தால் கண் மார்க்கர் மேல்தான் இருக்கும். இல்லாவிட்டால் பாறை, பாலம், கைகாட்டி மரம் மேல் இருக்கும்.

ஆரம்பத்திலேயே வரும் ஒரு வேலையைச் சொல்கிறேன். அர்க்ங்தாண்ட் என்ற பாழடைந்த டுவெமர் கட்டடத்திலிருந்து ஒரு புதிர்ப்பெட்டி கொண்டுவர வேண்டும். டுவெமர் என்பது ஒட்டுமொத்தமாக மாயமாய் மறைந்துபோன ஓர் இனம். கோட்டையைத் தாண்டு, எரிமலைக் குழம்பு ஓடி வறண்ட பள்ளத்தாக்கின் மேல் பழைய பாலம் இருக்கும், அதைக் கட என்று வாய்வழிதான். நான் பாலத்தைத் தவறவிட்டுப் பள்ளத்தாக்குக்குள்ளேயே இறங்கி, சாம்பல் புயலில் மாட்டினேன். புயல் அடிக்கும்போது உங்கள் பாத்திரம் தானாகவே கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்ளும். அந்தச் சின்ன அசைவைப் பார்த்தபோது எனக்கே கண்ணில் தூசி விழுந்த மாதிரி இருந்தது. ஒருவழியாக இடத்தைக் கண்டுபிடித்தால் கதவு திறக்கவில்லை. பக்கத்துக் குழாயில் ஒரு திருகு இருக்கிறது, அதைத் திருப்ப வேண்டும் என்பது புரியவே நேரம் பிடித்தது. உள்ளே போனால் அந்தப் பெட்டி உள்ளங்கை அளவு, அலமாரியில் கிடக்கிறது. அதைப் பார்க்காமல் தாண்டிப்போய் மணிக்கணக்கில் தேடியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

அன்றைக்குத் திட்டினேன். ஆனால் இன்றைக்கும் அந்த இடத்துக்கு உங்களுக்கு வாயால் வழி சொல்வேன்.

எல்லா இடத்துக்கும் நடந்தேவா? ஃபாஸ்ட் டிராவல் இல்லாம செத்துருவேனே?

வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டதும் நொடியில் அங்கே போய்விடும் ஃபாஸ்ட் டிராவல் இல்லைதான், ஆனால் பஸ் இருக்கிறது. சில்ட் ஸ்ட்ரைடர் என்று நீண்ட கால்களுள்ள ராட்சதப் பூச்சி, அதன் முதுகு ஓட்டைக் குடைந்து உட்கார இடம். அது போகும் ஊர்களுக்குத்தான் போகலாம். கடலோர ஊர்களுக்குப் படகு. மந்திரவாதிகள் சங்கத்தில் காசு கொடுத்தால் அடுத்த சங்கத்துக்கு ஒரே நொடியில் அனுப்புவார்கள். இதுபோக, ஓரிடத்தில் மனக்குறி வைத்துவிட்டு எங்கிருந்தாலும் அங்கே திரும்பும் மந்திரமும் உண்டு.

நேர் பஸ் இல்லாத ஊருக்கு எங்கே இறங்கி எதில் மாறுவது என்று கணக்குப் போடுகிறோமே, அதே மூளைதான் இங்கேயும் வேலை செய்யும். பத்து மணி நேரம் ஆடினால் ரூட்டெல்லாம் அத்துப்படி. நான் சொன்ன சோதனையில் மோரோவிண்ட் சுலபமாக ஜெயிப்பது இதனால்தான்.

கத்தி நேரா அவன் மேல படுது, ஆனா அடி விழ மாட்டேங்குது. இதுல எப்படிங்க ஒன்றிப்போறது?

நியாயமான எரிச்சல். மோரோவிண்டில் நீங்கள் கிளிக் செய்வது வீசுவதற்கு மட்டும். பட்டதா இல்லையா என்பதைப் பின்னால் உருளும் பகடை தீர்மானிக்கும். முக்கியமாக உங்கள் திறன் எண்ணும் களைப்பும்தான் அந்தப் பகடையின் கணக்கு.

பெரும்பாலோர் செய்யும் தப்பு இரண்டு. பெருவாள் பழகிய பாத்திரத்தை உருவாக்கிவிட்டு, கையில் கிடைத்த குறுங்கத்தியோடு சண்டைக்குப் போவது ஒன்று. ஊர் முழுக்க ஓடிவிட்டு, களைப்பைக் காட்டும் பச்சைக் கோடு காலியான நிலையில் மூச்சிரைக்கச் சண்டை போடுவது இன்னொன்று. ஓட்டத்தை நிறுத்துங்கள், எதிரியைப் பார்த்ததும் நடங்கள், தொடக்கத்திலேயே முக்கியத் திறனாக வைத்த ஆயுதத்தை மட்டும் எடுங்கள். பாதித் தொல்லை போய்விடும். மீதிப் பாதி இருக்கத்தான் செய்யும். சண்டை விஷயத்தில் மட்டும் இந்தக் கேமுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் ஸ்கைரிம்தான் பெஸ்ட்ங்கறாங்க. அவங்க சொல்றது தப்பா?

தப்பில்லை. உடம்பால் உணர்வது என்று பார்த்தால் ஸ்கைரிம்தான். பனிப்புயலில் பாதை மறைவது, இரவில் மலை உச்சியில் ஏறி நின்றால் வானத்தில் பச்சை ஒளி அலையாடுவது, பின்னணியில் ஜெரமி சோலின் இசை. விறகு வெட்டலாம், சுரங்கத்தில் பாறை உடைக்கலாம், உலையில் வாள் அடிக்கலாம், சமைக்கலாம். ஒரு வேலையும் இல்லாமல் நடப்பதற்கு இதைவிட நல்ல கேமை நான் பார்த்ததில்லை. ஹை ஹ்ரோத்கார் என்ற மலை மடத்துக்கு ஏறும் 7,000 படிக்கட்டைக் கணக்கெடுத்தால் ஆயிரம்கூடத் தேறாது. ஆனாலும் ஏறி முடித்ததும் கால் வலிக்கிற மாதிரி ஒரு பிரமை.

என் மனத்தாங்கல் மனிதர்களிடத்தில். நாலு மந்திரம்கூட உருப்படியாகத் தெரியாத கோடரிக்காரன் விண்டர்ஹோல்டு மந்திரக் கல்லூரிக்குத் தலைவராகலாம். மோரோவிண்டில் சங்கத்தில் பதவி உயர்வு வேண்டுமென்றால் அந்தத் தொழிலில் உங்கள் திறன் இவ்வளவு இருந்தாக வேண்டும் என்று கறாராகத் திருப்பி அனுப்புவார்கள். ஸ்கைரிமில் இயற்கை நிஜம், சமூகம் சினிமா செட்டிங்.

அப்ப ஸ்கைரிம்ல மார்க்கரை ஆஃப் பண்ணிட்டு ஆடினா அதுவும் மோரோவிண்ட் ஆயிடுமே?

இந்தக் கேள்வியை நானும் எனக்குள் கேட்டு, செய்தும் பார்த்தேன். ஆகாது. மார்க்கர் இருக்கும் என்று நம்பித்தான் வசனங்களையே எழுதியிருக்கிறார்கள். "அந்தக் குகையில் என் வாள் இருக்கிறது, எடுத்துவா" என்பான். எந்தக் குகை, எந்தத் திசை, எந்த ஆற்றைத் தாண்டி? சொல்ல மாட்டான், ஜர்னலிலும் இருக்காது. மார்க்கரை அணைத்தால் வழி கேட்கும் உலகம் கிடைக்காது, வழி கேட்கவே முடியாத உலகம்தான் கிடைக்கும்.

ஆனால் வேலை எதையும் ஏற்காமல் வேட்டைக்காரனாகவோ ஊர் ஊராகப் போகும் வியாபாரியாகவோ ஆடினால், மார்க்கர் இல்லாத ஸ்கைரிம் அற்புதம். கூடவே சர்வைவல் மோடையும் போட்டுக்கொள்ளுங்கள், 2021 முதல் ஸ்பெஷல் எடிஷன்காரர்களுக்கு இலவசம். பசிக்கும், குளிரும், தூக்கம் வரும், ஃபாஸ்ட் டிராவலும் இருக்காது. குதிரைவண்டிக்காரனுக்குக் காசு கொடுத்துத்தான் ஊர் போக வேண்டும். சில்ட் ஸ்ட்ரைடருக்குச் சித்தப்பா பையன் மாதிரி.

ஒப்ளிவியன்ல ஆளுங்க தூங்கி எந்திரிச்சு வேலைக்குப் போறாங்க. மோரோவிண்ட்ல சிலை மாதிரி நிக்கறாங்க. எதுங்க உயிரோட இருக்கு?

இதுதான் என் வாதத்தின் மிகப் பெரிய ஓட்டை, ஒப்புக்கொள்கிறேன். மோரோவிண்ட் கடைக்காரர் ராத்திரி இரண்டு மணிக்கும் அதே இடத்தில் நின்று "வாங்க" என்பார். ஒப்ளிவியனில் கடை பூட்டுவார்கள், சாப்பிடுவார்கள், கோயிலுக்குப் போவார்கள், சிலர் மாதத்தில் ஒருநாள் அடுத்த ஊருக்கே கிளம்பிப் போவார்கள். ஒரு திருட்டைத் திட்டமிட்டு, கடைக்காரர் எப்போது மாடிக்குப் போவார் என்று எதிர்த் திண்ணையில் காத்திருப்பதற்கு ஈடு கிடையாது.

வாயைத் திறந்தால்தான் சிக்கல். தெருவில் இரண்டு பேர் சந்தித்தால் "அன்றைக்கு ஒரு சேற்று நண்டு பார்த்தேன்", "பயங்கரமான ஜந்து", "சரி வருகிறேன்". பிச்சைக்காரர்கள் ஒரு வரி கரகரத்த குரலிலும் அடுத்த வரி கணீரென்ற வேறு குரலிலும் பேசுவார்கள். இதைவிட மோசம், நீங்கள் பலசாலியாக ஆக உலகமும் கூடவே பலசாலி ஆவது. கண்ணாடிக் கவசம் போட்ட வழிப்பறிக்காரன் வந்து 100 தங்கக் காசு கேட்பான். அந்தக் கவசத்தை விற்றாலே அவன் பல வருஷம் உட்கார்ந்து சாப்பிடலாம்.

ஒப்ளிவியன் ரீமாஸ்டர் வந்துருச்சே, இப்ப கணக்கு மாறிடுச்சா?

2025 ஏப்ரல் 22-இல் வந்தது. வெளித்தோற்றத்தை வரைவது அன்ரியல் எஞ்சின் 5 என்ற புது மென்பொருள், உள்ளே ஓடுவது பழைய கேம்தான். காடும் வெளிச்சமும் கண்ணைப் பறிக்கின்றன, புதுக் குரல்கள் சேர்த்திருக்கிறார்கள், லெவல் ஏறும் முறையைச் சரிசெய்திருக்கிறார்கள். பழசில் நீங்கள் ரசித்தது அப்படியே இருக்கிறது, கடுப்பானதிலும் கணிசமான பகுதி அப்படியே இருக்கிறது. என் வரிசை மாறவில்லை. உங்கள் கம்ப்யூட்டருக்குத் தெம்பு இருந்தால், முதல்முறை ஒப்ளிவியன் ஆடுபவர்களுக்கு நல்ல வாசல்.

உலகம் பெருசா இருந்தாத்தானே நிஜம் மாதிரி இருக்கும்? டேகர்ஃபாலை ஏன் யாரும் பேசறதில்ல?

டேகர்ஃபாலின் உலகத்தைப் பிரிட்டன் தீவின் அளவுக்கு ஒப்பிடுவார்கள். ஊர், கிராமம், பாதாளக் குகை என்று சுமார் 15,000 இடங்கள். பெரும்பகுதியைக் கம்ப்யூட்டரே உருவாக்கியது என்பதால் நூறாவது ஊருக்கும் நூற்றோராவது ஊருக்கும் பெயர்தான் வித்தியாசம். என் சோதனைக்கு அது உட்காரவே வராது.

ஆனாலும் அதில் ஒரு தனி மயக்கம் உண்டு. வங்கியில் கடன் வாங்கிக் கட்டாமல் ஓடலாம், ஓநாய் மனிதனாகலாம், குகைக்குள் நிஜமாகவே தொலைந்துபோகலாம். 2009 முதல் இலவசம். ரசிகர்கள் புது எஞ்சினில் மாற்றிய டேகர்ஃபால் யூனிட்டியைப் போடுங்கள், பழைய டாஸ் வடிவத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

முக்கியமான ஆள் ஒருத்தரைத் தெரியாம கொன்னுட்டேன். கேம் போச்சா?

எந்தக் கேம்? ஒப்ளிவியன், ஸ்கைரிம் என்றால் அவர் மண்டியிட்டு உட்கார்ந்து அல்லது மயங்கி விழுந்து, கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவார். மோரோவிண்ட் என்றால் செத்தவர் செத்தவர்தான். விதியின் இழை அறுந்துவிட்டது, பழைய சேவுக்குப் போ அல்லது நீ கெடுத்த இந்த உலகத்திலேயே தொடர் என்ற பொருளில் ஒரு அறிவிப்பு வரும். உங்கள் கைக்கு அவ்வளவு பலம் கொடுத்த உலகத்தை நான் மதிக்கிறேன். அதன் பிறகும் கதையை முடிக்க ஒரு குறுக்கு வழி ஒளிந்திருக்கிறது, அதைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன்.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. மோரோவிண்ட் ஆடலாமா?

இதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். இந்த வரிசையில் எதுவும் தமிழில் இல்லை. மோரோவிண்டில் குரல் மிகக் குறைவு. பெரும்பாலும் வாசிப்புதான், அதுவும் நாவல் அளவுக்கு. மேலே சொன்னபடி வழியே எழுத்தில்தான் இருக்கிறது என்பதால், படிக்காமல் தாண்டினால் தொலைந்துபோவீர்கள்.

வாசிக்கச் சிரமம் என்றால் ஸ்கைரிமில் தொடங்குங்கள். எல்லாரும் பேசுவார்கள், சப்டைட்டிலும் போட்டுக்கொள்ளலாம். நிதானமாக வாசிக்க முடியும், வேகம்தான் இல்லை என்பவர்களுக்கு மோரோவிண்டே பரவாயில்லை. உரையாடல் பெட்டி நீங்கள் முடிக்கும்வரை அசையாமல் காத்திருக்கும்.

பழைய லேப்டாப்ல எது ஓடும்? மோட் எல்லாம் போடணுமா?

மோரோவிண்ட் எதிலும் ஓடும். ஓப்பன்எம்டபிள்யூ என்ற இலவச எஞ்சினைப் போட்டு, வாங்கிய கேமின் கோப்புகளை அதற்குக் காட்டிவிடுங்கள். முதல் ஆட்டத்துக்கு அது போதும். ஒரேயடியாக 200 மோட் (ரசிகர்கள் செய்யும் மாற்றக் கோப்புகள்) இறக்கி, அடுக்கி, கிராஷ் ஆகி, கேமே ஆடாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன்.

மூடுபனியை விலக்கித் தொலைதூரம் வரை தெரியவைக்கும் வசதியையும் முதல் தடவை தொடாதீர்கள். தீவு உண்மையில் சின்னது. அந்தப் பனிதான் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. தீவை முடித்த பிறகு டாம்ரியல் ரீபில்ட் இருக்கிறது, ரசிகர்கள் இருபது வருஷத்துக்கு மேலாகக் கட்டிவரும் அக்கரைப் பெருநிலம்.

ஆன்லைன் கேம்லயும் மோரோவிண்ட் வருதே, அது போதாதா?

2017-இல் வார்டன்ஃபெல்லை அதில் சேர்த்தார்கள். மோரோவிண்டில் முதன்முதலில் இறக்கிவிடும் சேடா நீன் துறைமுகத்தில் மறுபடி இறங்கியபோது எனக்குத் தொண்டை அடைத்தது நிஜம். அடுத்த நிமிடமே, எரியும் குதிரையில் ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். நண்பர்களோடு ஆட நல்ல கேம். ஒன்றிப்போக, இல்லை.

பேசாம ஆறாவது வரட்டும்னு காத்திருக்கலாமா?

2018 ஜூனில் ஒரு மலைத்தொடரை அரை நிமிடம் காட்டினார்கள். காத்திருக்கும் நேரத்தில் மற்ற ஐந்தையும் ஆடி முடித்துவிடலாம்.

நாலு மணி நேரம் மோரோவிண்ட் ஆடினேன், ஒண்ணும் ஒட்டலை. குறை என்கிட்டயா?

குறை யாரிடமும் இல்லை. ஒட்டாதவர்களுக்கு ஒட்டாது. அவர்களுக்கு நான் சர்வைவல் மோடு ஸ்கைரிமைத்தான் சொல்வேன், மேலே எழுதியிருக்கிறேன். ஆனால் விடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: சேடா நீனிலிருந்து பல்மோராவுக்கு எப்படிப் போனீர்கள்? கேட்ட பத்தில் ஒன்பது பேர் சில்ட் ஸ்ட்ரைடரில் ஏறியிருக்கிறார்கள். பஸ் வசதியை நானே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரண்தான், இருந்தாலும் முதல் பயணத்துக்கு மட்டும் அதில் ஏறாதீர்கள்.

புதுப் பாத்திரம் ஒன்றை உருவாக்கி, ஊரை விட்டு ரோட்டோடு நடங்கள். கொஞ்ச தூரத்தில் மேலேயிருந்து ஓர் அலறல் கேட்கும். ஒரு மந்திரவாதி வானத்திலிருந்து நேராக உங்கள் முன்னால் விழுந்து செத்துப்போவான். அவன் உடம்பைச் சோதித்தால் ஒரு குறிப்பேடும், ஆளை மைல் கணக்கில் தாவவைக்கும் மூன்று சுருள்களும் கிடைக்கும். குறிப்பேட்டை முதலில் படியுங்கள். தாவுவதைப் பற்றி எல்லாம் எழுதியிருப்பான். இறங்குவதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.